ஒரு சிவப்புகூட விழாத பை

அன்புள்ள மகளுக்கு,

அம்மா எழுதுவது. அப்பாவின் கடைவாய்ப் பல்லைத் தவிர இங்கே எல்லாம் நலம். நீயும் அங்கே நேரத்துக்குச் சாப்பிட்டு நேரத்துக்குத் தூங்கி உடம்பைப் பார்த்துக்கொள்கிறாய் என்று நம்பி எழுதுகிறேன், இவ்வளவு தூரத்தில் இருந்துகொண்டு நம்பத்தானே முடியும். போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் நான் ஒன்று சொல்ல வந்தால் நீ இரண்டு கேள்வி கேட்பாய், நான் பதில் சொல்லப் போய், சொல்ல வந்தது நடுவழியில் நின்றுவிடும். கடிதத்தில் அந்தத் தொல்லை இல்லை, நான் பேசுவேன், நீ வாயை மூடிக்கொண்டு படிப்பாய். இன்னொன்று, கொஞ்ச நாளாக நீ கூப்பிட்டபோதெல்லாம் போனை அப்பாவிடம் கொடுத்துவிட்டு நான் சமையலறையில் ஏதோ வேலை இருப்பதுபோல நின்றுகொண்டிருந்தேன். வேலை ஒன்றும் இல்லை, கோபம்தான். அது போய்விட்டது என்று சொல்லத்தான் இந்தக் கடிதம், எப்படிப் போனது என்று சொல்லத்தான் இவ்வளவு நீளம்.

முதலில் வீட்டுச் செய்தி. அப்பாவின் பல் ஒரு மாதமாக ஆடுகிறது. டாக்டரிடம் காட்டுங்கள் என்றால், தானாக விழப்போவதை எதற்குக் காசு கொடுத்துப் பிடுங்க வேண்டும் என்று தத்துவம் பேசுகிறார். யார் வீட்டு மின்விசிறியிலோ ஒரு திருகு ஆடினால் தூக்கம் வராத மனிதர், தன் வாய்க்குள் ஆடுவதைக் கண்டுகொள்ள மாட்டேன் என்கிறார், நீ சொன்னால் கேட்பார், சொல். உன் அறை ஜன்னலுக்குப் புதுக் கொக்கி போட்டாகிவிட்டது, இனி காற்றடித்தால் படபடக்காது. மாடியில் இருக்கும் தையல்காரரின் மகளுக்கு வேலை கிடைத்திருக்கிறது, இனிப்பு கொடுக்க வந்தவள் உன்னைப் பற்றி விசாரித்தாள், அரசியல் படிக்கிறாளே, எந்தக் கட்சியில சேரப் போறா என்று கேட்டாள். கட்சியில் சேர்வதற்காக இல்லை, சேருகிறவர்கள் ஏன் சேருகிறார்கள் என்று பார்ப்பதற்காக என்று சொன்னேன். என் பதில் எனக்கே பிடித்திருந்தது. முன்பெல்லாம் ஏதோ பெரிய படிப்பு என்று சொல்லி நழுவிவிடுவேன். அரசியலை அறிவியலாகப் படிக்கிறேன் என்று நீ முதன்முதலில் சொன்னபோது, நீராவியை மடித்து அடுக்கப் போகிறாயா என்று கேட்டுச் சிரித்தவள் நான். நீ முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளாமல், மடிக்க வருதான்னு பாக்கறேன்மா என்றாய். சலவைக்கூடத்துக்காரியின் மகள் என்று அப்போதே நினைத்தேன்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். உனக்குத் தெரிந்ததையும் சேர்த்து முதலிலிருந்து சொல்கிறேன், நான் பார்த்த வரிசையிலேயே நீயும் பார்க்க வேண்டும். எங்கள் ஆஸ்பத்திரியின் நிர்வாகக் குழுவில் சலவைக்கூடத்துக்கு ஒரு நாற்காலி உண்டு, அதற்கு நாங்களே ஓட்டுப் போட்டு ஓர் ஆளை அனுப்ப வேண்டும். இதுவரை போனவர் வாயைத் திறந்ததே இல்லை. உலர்த்தும் அறையில் புழுக்கம் தாங்காமல் ஆட்கள் மயங்கி விழுகிறார்கள், காற்றை வெளியே இழுக்கும் ஒரு விசிறி கேட்கக்கூட எங்களுக்கு ஆள் இல்லை. அதனால் இந்த முறை நானே நின்றேன். எனக்கு வாய் இருக்கிறது என்பதை என்னைப் பிடிக்காதவர்கள்கூட ஒப்புக்கொள்வார்கள். என்னை எதிர்த்து நின்றவர் பெரிய இஸ்திரி இயந்திரத்தை ஓட்டுகிறவர், நீராவி அண்ணன் என்று எல்லோரும் கூப்பிடுவார்களே அவர். நல்ல மனிதர்தான், ஆனால் நான்தான் ஜெயிப்பேன் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. தள்ளுவண்டியோடு நான் போகாத பிரிவு உண்டா. அழுக்கு எடுக்கும் இடம், துவைக்கும் இடம், உலர்த்தும் அறை, இஸ்திரி, மடிப்பு, அங்கிருந்து வார்டு என்று நாள் முழுவதும் சுற்றுகிறவள். சாப்பாட்டு நேரத்திலும் டப்பாவைக் கையில் ஏந்திக்கொண்டு மேசை மேசையாக நின்று ஒரு வாய் இங்கே, ஒரு வாய் அங்கே என்று சாப்பிட்டு எல்லோரையும் விசாரித்துவிட்டு வருவேன். உங்களுக்குத்தான்க்கா எங்க ஓட்டு என்று சொல்லாத ஆள் இல்லை. போதாக்குறைக்கு உன் அப்பா ஒரு பேச்சைத் தயார் செய்து, என்னைக் கண்ணாடி முன்னால் நிறுத்தி, இந்த இடத்தில் கையை உயர்த்து, இந்த இடத்தில் மூச்சு விடு என்று பழக்கினார். நன்றாகப் பேசினால் ஓட்டு விழும் என்பது அவருடைய அரசியல் அறிவியல்.

அப்போதுதான் நீ போனில் அந்தக் கேள்விகளைக் கேட்டாய். யார் யாரோடு உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள், யார் யாரோடு வீட்டுக்குப் போகிறார்கள், யாருடைய கை நின்றால் யாருடைய வேலை நிற்கும், யாருக்கு உடம்பு சரியில்லை என்றால் அந்த இடத்தில் யார் நிற்பார்கள். நான் என்ன பேசப் போகிறேன் என்று நீ கேட்கவே இல்லை. என் மகள் எனக்காக வியூகம் வகுக்கிறாள் என்று நினைத்துத் தலைகால் புரியாமல் எல்லாவற்றையும் கொட்டினேன். கடைசியில் நீ, அம்மா, நீ தோத்துடுவேன்னு தோணுது, என் கணக்கு தப்பாப் போனா ரொம்ப சந்தோஷப்படுவேன் என்றாய். ஏன் என்று கேட்டேன். எல்லாருக்கும் உன்னைப் பிடிக்கும், ஆனா நீ எந்த மேசையிலயும் உக்காரறது இல்லையேம்மா, ஓட்டுப் போடும்போது மனசுக்குள்ள பக்கத்துல யார் உக்காந்திருக்காங்களோ அவங்கதான் பெருசாத் தெரிவாங்க என்றாய். பெற்ற தாய்க்கு ஒரு நல்ல வார்த்தை சொல்ல உனக்கு வாய் வரவில்லையே என்று அன்றைக்கு முழுவதும் பொருமினேன். உன் அப்பாவோ, அவளுக்கு இந்த இடமெல்லாம் மறந்துபோச்சு, நீ பேச்சைப் பழகு என்றார்.

எங்கள் ஓட்டு எப்படி என்று உனக்குத் தெரியும், ஆனாலும் எழுதுகிறேன், உன் பேராசிரியருக்குக் காட்டினாலும் காட்டுவாய். முன்பு எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் நிறையப் பேர் இருந்ததால் துணி மூட்டைகளில் அடையாளத்துக்குக் கட்டும் வண்ண வில்லைகளை வைத்தே ஓட்டுப் போடப் பழகிவிட்டோம். ஆளுக்கு ஒரு சிவப்பு, ஒரு நீலம் கொடுப்பார்கள். கயிற்றில் ஒரு விரிப்பைத் தொங்கவிட்டு மறைப்புக் கட்டியிருக்கும், அதற்குப் பின்னால் போய் வேண்டிய வில்லையைப் பையிலும் வேண்டாததை மூடி போட்ட வாளியிலும் போட வேண்டும். இயந்திரங்களை நிறுத்த முடியாது என்பதால் பிரிவுக்கு ஒரு பை, அவரவர் இடத்திலேயே. சீட்டுக் குலுக்கியதில் நீராவி அண்ணனுக்கு நீலம் வந்தது, எனக்குச் சிவப்பு. தோற்றேன். கொஞ்ச நஞ்சமாக இல்லை, நன்றாகவே தோற்றேன். மொத்தத்தை அறிவித்தவுடன் முகத்தை யாரும் பார்த்துவிடக் கூடாது என்று வண்டியைத் தள்ளிக்கொண்டு வார்டுக்குப் போய்விட்டேன்.

போகும் வழியிலேயே எனக்குக் காரணம் கிடைத்துவிட்டது. சிவப்பு என்றால் எங்களுக்குத் தொற்றுத் துணி. சிவப்பு வில்லை கட்டிய மூட்டையை மற்றதோடு சேர்க்கக் கூடாது, வெறுங்கையால் தொடக் கூடாது என்று வேலைக்குச் சேர்ந்த அன்றைக்கே மண்டையில் ஏற்றிவிடுவார்கள். அப்படிப் பழகிய கை ஒரு சிவப்பு வில்லையைச் சுத்தமான பைக்குள் போடுமா. ஆட்கள் என்னைத் தோற்கடிக்கவில்லை, கைப்பழக்கம் தோற்கடித்தது. இப்படி நினைத்ததும் எனக்குப் பசிகூட எடுத்தது. அன்று மாலையே உன்னைக் கூப்பிட்டு, உன் மேசைக் கணக்கெல்லாம் தப்பு, நிறம்தான் காரணம் என்று ஜம்பமாகச் சொன்னேன். நீ ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. நல்ல யோசனைம்மா, எனக்குத் தோணவே இல்லை என்றாய், எனக்கு உச்சி குளிர்ந்தது. அப்புறம்தான் மெதுவாகக் கேட்டாய், தொற்றுத் துணிப் பிரிவுல இருக்கறவங்க நாள் பூரா சிவப்போடதானே இருக்காங்க, அவங்க கை தயங்காதே, அவங்க பையில உனக்கு எவ்வளவு விழுந்துச்சு என்று.

எனக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்றதும் அது மண்டையைக் குடைய ஆரம்பித்துவிட்டது, இந்த வியாதி உன்னிடமிருந்து எனக்கு வந்ததா, என்னிடமிருந்து உனக்குப் போனதா என்று தெரியவில்லை. மறுநாள் ஓட்டு எண்ணிய குமாஸ்தாவிடம் போய்க் கேட்டேன். தொற்றுத் துணிக்காரர்கள் பையில் பெரும்பாலும் நீலம்தான் என்றார். நாள் முழுவதும் சிவப்பைத் தொடுகிறவர்களே என்னைத் தொடவில்லை என்றால் என் நிறக் கதை அங்கேயே முடிந்தது. அதோடு நான் திரும்பி வந்திருக்க வேண்டும். அவரோ சும்மா இருக்காமல், தள்ளுவண்டிக்காரங்க பையிலதான் உங்களுக்கு நல்லா விழுந்துச்சு, மடிப்புப் பையில ஒரு சிவப்புகூட இல்லைங்க, எனக்கே ஆச்சரியம் என்றார்.

ஒரு சிவப்புகூட இல்லை. மடிப்புப் பிரிவில் இருப்பது யார் என்று உனக்குச் சொல்ல வேண்டுமா. கைக்குட்டை முதல் பஸ் டிக்கெட் வரை கையில் கிடைத்ததையெல்லாம் மடிக்கிறாள் என்று மடிப்புச் சித்தி என்று நீ பெயர் வைத்தவள். அவளும் நானும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தோம். நீ பிறந்தபோது அப்பா வெளியூரில் இருந்தார், உன்னை நர்ஸ் கையிலிருந்து வாங்கியதே அவள்தான். யார் போட்டார்கள் என்று தெரியாமல் இருக்கத்தான் மறைப்புக் கட்டுகிறோம், ஆனால் ஒன்றுமே விழாத பையில் மறைப்பு என்ன செய்யும். அவளும் போடவில்லை. உனக்குப் போன் செய்து, குமாஸ்தா சொன்னதையெல்லாம் கொட்டி, பார்த்தாயா, நீ கேட்ட கேள்வியால் இதையும் தெரிந்துகொண்டேன், உனக்குத் திருப்திதானே என்று கத்தினேன்.

நீ திருப்பிக் கத்தவில்லை. முதலில், தொற்றுத் துணிக்காரங்க ரெண்டாப் பிரிவாங்கன்னு நினைச்சேன், அது என் தப்பு, ஏன்னு பாக்கணும் என்றாய். அந்த நேரத்திலும் தன் தப்பை எடுத்துச் சொல்கிற ஆளை நான் பார்த்ததே இல்லை. காரணம் என்னவென்று இப்போது சொல்கிறேன், குறித்துக்கொள். ஈர உடையோடு அவர்களைச் சாப்பாட்டு அறைக்குள் விட மாட்டார்கள், அதனால் பாய்லருக்குப் பின்னால் இருக்கும் பெஞ்சில் உட்காருவார்கள், வேர்வையில் நனைந்த இஸ்திரிக்காரர்களும் அங்கேதான். இதை உனக்குச் சொல்ல மறந்தது நான். அப்புறம் நீ, மடிப்புப் பிரிவுல உனக்கு ஓட்டுப் போடக்கூடியவங்க யாருன்னு கேட்டா எல்லாரும் யாரைக் கை காட்டுவாங்க என்று கேட்டாய். வேறு யாரை, சித்தியைத்தான் என்றேன். அப்ப அந்தப் பையில ஒரே ஒரு சிவப்பு விழுந்திருந்தா அது யாரோடதுன்னு மறைப்பு இருந்தும் எல்லாருக்கும் தெரிஞ்சிருக்குமேம்மா, அவங்க நாளைக்கும் அந்த மேசையிலதானே நிக்கணும் என்றாய். இது என் ஊகம்தான், சித்தியைக் கேக்காம உறுதியாச் சொல்ல முடியாது என்றும் சொன்னாய். நான் அவளுக்கு வக்காலத்து வாங்காதே என்று போனை வைத்தேன். அதற்குப் பிறகுதான் அந்தச் சமையலறை நாடகம்.

அவளோடும் பேசவில்லை. மடிப்பு மேசைக்கு வண்டியைத் தள்ளிக்கொண்டு போவேன், அடுக்கியதை ஏற்றிக்கொள்வேன், திரும்பிவிடுவேன். அவளும் தலையைத் தூக்க மாட்டாள். ஆனால் உன் வார்த்தை காதுக்குள்ளேயே இருந்ததால் அந்த மேசையை முதன்முறையாக நின்று பார்த்தேன். இஸ்திரியிலிருந்து விரிப்பு நன்றாகக் காய்ந்து வந்தால் இவர்கள் கை பறக்கிறது, ஈரமாக வந்தால் எல்லாவற்றையும் திருப்பி அனுப்ப வேண்டும், நேரத்துக்கு வீட்டுக்குப் போக முடியாது. நீராவி அண்ணன் மனசு வைத்தால்தான் இவர்கள் பொழுதோடு வீடு போக முடியும். பெரிய விரிப்பை இரண்டு பேர் எதிரெதிரே பிடித்தால்தான் மடிக்க முடியும், எதிரே நிற்பவள் ஒரு நாள் முகத்தைத் திருப்பிக்கொண்டால் வேலையே நடக்காது. நான் வருஷக்கணக்காக அங்கே போய் வருகிறேன், துணியைப் பார்த்திருக்கிறேன், இதைப் பார்த்ததில்லை. நீ அங்கே உட்கார்ந்துகொண்டு என் வாயிலிருந்து பிடுங்கிய நாலு பதிலில் இதைப் பார்த்திருக்கிறாய்.

போன வாரம் அவளைத் தனியாகப் பிடித்தேன், சோப்பு மூட்டை வைக்கும் அறையில். கேட்க வேண்டிய வார்த்தைகளையெல்லாம் கூர் தீட்டி வைத்திருந்தேன். அவள் முகத்தைப் பார்த்ததும் என் வாயிலிருந்து வந்தது வேறு, ஒண்ணே ஒண்ணு விழுந்திருந்தா உன்னோடதுன்னு தெரிஞ்சிருக்கும் இல்ல என்று கேட்டேன், உன் வாக்கியம்தான். அவள் மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டாள். சிவப்பத்தான்க்கா முதல்ல எடுத்தேன், பை மேல கையைக் கொண்டுபோயிட்டேன், எண்ணும்போது இது மட்டும் தனியாக் கிடக்குமேன்னு நினைச்சேன், கை திரும்பிடுச்சு, உன் மூஞ்சியில எப்படி முழிக்கிறதுன்னு அன்னிலேருந்து செத்துக்கிட்டிருக்கேன் என்று அழுதாள். நானும் அழுதேன். மகளே, நீ மட்டும் அதைச் சொல்லியிருக்காவிட்டால் நான் அந்த அறைக்குள் போய் என்ன பேசியிருப்பேன் என்று எனக்குத் தெரியும், அதற்குப் பிறகு அவளும் நானும் சாகும்வரை பேசியிருக்க மாட்டோம். துரோகம் என்று ஒரே வார்த்தையில் முடித்திருப்பேன். நீ அந்த வார்த்தைக்குப் பக்கத்தில்கூடப் போகாமல் எதனால் இப்படி என்று கேட்டாய். கோபம் இல்லாமல் மனிதர்களைப் பார்ப்பதற்கு ஒரு படிப்பு இருக்கிறது என்றும் அதை என் மகள் படிக்கிறாள் என்றும் எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது. இது அறிவியல்தானா என்று உங்கள் துறையிலேயே சிலர் இழுக்கிறார்கள் என்றாயே, அவர்களை என்னிடம் அனுப்பு. பெற்ற தாய் தோற்பாள் என்று கணக்கு சொன்னால் அதைத் தாய் முகத்துக்கு நேராகச் சொல்கிறவளும், தன் கணக்கில் தப்பு வந்தால் அதையும் சொல்கிறவளும் செய்வது அறிவியல் இல்லை என்றால் வேறு எது என்று நான் கேட்கிறேன்.

அடுத்த முறை பிரிவுக்கு ஒரு பை வேண்டாம், எல்லாவற்றையும் ஒரே மூட்டையில் கொட்டிக் கலக்கிவிட்டு எண்ணுங்கள் என்று குமாஸ்தாவிடம் சொன்னேன். தோற்றவள் பேச்சு என்று ஒதுக்குவார் என்று நினைத்தேன், நீராவி அண்ணனே ஆமாம் அதுதான் சரி என்று பக்கத்தில் வந்து நின்றார். குழுவின் முதல் கூட்டத்திலேயே உலர்த்தும் அறைக்கு விசிறியும் கேட்டிருக்கிறார். எனக்குக் கொஞ்சம் வயிற்றெரிச்சல்தான், ஆனால் விசிறி யார் கேட்டால் என்ன, காற்று ஒன்றுதானே. உன் அப்பா மட்டும் இன்னும், நீ மூச்சு விட வேண்டிய இடத்தில் விடவில்லை, அதனால்தான் தோற்றாய் என்கிறார்.

நேற்றுச் சாப்பாட்டு நேரத்தில் சித்தி தன் பக்கத்தில் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள். கூப்பிடவில்லை, நகர்ந்தாள், அவ்வளவுதான். நான் உட்கார்ந்தேன். மேசை முழுவதும் ஒரு நிமிஷம் பேச்சு நின்றது, அப்புறம் எதிரே இருந்தவள் ஊறுகாய்ப் பாட்டிலை என் பக்கம் தள்ளினாள். மணி அடிக்கும்வரை ஒரே இடத்தில் உட்கார்ந்து சாப்பிட்டு எழுந்தேன், இத்தனை வருஷத்தில் முதல் தடவை. எல்லோருக்கும் வேண்டியவளாக இருக்கிறேன் என்றுதான் இத்தனை நாள் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன். உட்கார்ந்து பார்த்த பிறகுதான் நின்றுகொண்டே சாப்பிட்டது எவ்வளவு கால் வலி என்று தெரிந்தது, அப்போதுதான் கண்ணு, எனக்கு உன்னை நினைத்துப் பகீரென்றது. அங்கே உங்கள் கேண்டீனில் எந்த மூலையில் யார் யாரோடு உட்காருகிறார்கள், எந்த மேசைக்காரர்கள் எந்த மேசைக்குப் போக மாட்டார்கள் என்று நீ எனக்கு எவ்வளவோ சொல்லியிருக்கிறாய், எனக்கு அந்த ஹால் கண்ணை மூடினாலும் தெரியும். அதில் நீ எங்காவது உட்கார்ந்ததாக மட்டும் நான் ஒரு முறைகூடக் கேட்டதில்லை. உன் மூக்கும் நிறமும் அப்பாவுடையவை, கால் மட்டும் என்னுடையதாக இருந்துவிடக் கூடாது.

எங்கேயாவது போய் உட்கார். பார்ப்பதற்காக இல்லை, கேள்வி கேட்பதற்காக இல்லை, சாப்பிடுவதற்காக. முதல் நாள் பேச்சு நிற்கும், பொறுத்துக்கொள். உன் படிப்பு நன்றாக வரும், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை, ஊர் உலகம் உன்னைக் காது கொடுத்துக் கேட்கும் நாள் வரும், நானும் அப்பாவும் இருந்து பார்ப்போம். நோய் நொடி இல்லாமல், மனசு கோணாமல், நிறைய ஆட்கள் சூழ நன்றாக இரு. அப்பாவின் பல்லைப் பற்றி அவரிடம் கண்டிப்பாகப் பேசு. பதில் எழுதும்போது படிப்பைப் பற்றி அப்புறம் எழுதலாம், உனக்கு இடம் விட்டு நகர்ந்தது யார் என்று முதலில் எழுது.

உன்னை நினைத்துக்கொண்டே இருக்கும்
அம்மா